காளான் குடிலில் ஈரம்: கூடினாலும் கஷ்டம், குறைந்தாலும் நஷ்டம்



மீன்பாடு குறைகிற மாதங்களில் கைச்செலவுக்கு உதவும் என்று நம் குழுக்கள் சிலவற்றில் சிப்பிக் காளான் போட ஆரம்பித்திருக்கிறோம். பொன்னேரிப் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் போன ஐப்பசி மழையில் ஒரு குழுவில் பாதிப் பைகள் அழுகிப் போச்சு. "தினமும் தவறாம தண்ணி தெளிச்சோமே மேடம்!" என்று அந்த அக்கா வருத்தப்பட்டார். தவறு அங்கேதான். மழை நாளில் காற்றே ஈரமாக இருக்கும்போது, மேலும் தண்ணீர் எதற்கு?

எவ்வளவு ஈரம் வேணும்?

சிப்பிக் காளான் மொட்டு விட, குடிலின் காற்றில் 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதம் இருக்க வேண்டும். இதை அளக்க, சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி இரண்டு போதும் (காய்ச்சல் பார்ப்பது உதவாது). ஒன்றின் அடிக்குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு சிறு கிண்ணத் தண்ணீரில் இருக்கும்படி விடுங்கள். உலர்ந்தது 28 டிகிரி, நனைந்தது 26 டிகிரி காட்டினால் ஈரம் சுமார் 85 சதவீதம், சரியான அளவு. வித்தியாசம் 4 டிகிரி ஆனால் ஈரம் போதாது. 1 டிகிரிக்கும் கீழே போனால் ஈரம் அதிகம்.

காளானே சொல்லும்

- ஓரம் காய்ந்து வெடித்தால், மொட்டு கருகினால்: ஈரம் குறைவு.
- பிசுபிசுப்பு, பழுப்புப் புள்ளி, கெட்ட வாடை: ஈரம் அதிகம்.
- காம்பு நீண்டு குடை சிறுத்தால்: காற்றோட்டம் போதவில்லை.

என்ன செய்யணும்?

1. வைக்கோலை வேகவைத்து ஆறியதும் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கை ஈரமாகணும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டுகிற வைக்கோலைப் பையில் போட்டால் அழுகல்தான்.
2. குடிலின் தரையில் ஆற்று மணல் பரப்பி நனையுங்கள். சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.
3. முதலில் பறிப்பு, பிறகு தண்ணீர். கைத்தெளிப்பானில் பனிபோலத் தெளியுங்கள்.
4. காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள்.
5. ஏரியோரக் கிணற்று உப்புத் தண்ணீர் படுக்கைக்கு ஆகாது. குடிக்கிற தண்ணீரே வேண்டும்.
6. குடிலுக்குள் போகும்போது மூக்கில் துணி கட்டுங்கள். காளான் தூள் சிலருக்கு இருமலும் இளைப்பும் தரும்.

பருவம் பார்த்து

ஐப்பசி, கார்த்திகையில் தெளிப்பதைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். சித்திரை, வைகாசியில் மேல்காற்று அனலாக வீசும்; அப்போது சாக்கை மூன்று, நான்கு தடவை நனைக்கணும். 30 டிகிரிக்கு மேல் சிப்பிக் காளான் சரியாக வராது. அந்த மாதங்களுக்குப் பால் காளான் ஏற்றது. 35 டிகிரி வரை தாங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே-2 ரகம் அதுதான். சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் வெப்பமானியைப் பாருங்கள். குழுக் கடனில் வாங்கிய வித்து வீணானாலும் தவணை நிற்காது. அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். உங்கள் குடிலின் கணக்கையும் சொல்லுங்கள்.