இரும்புக்குள் இரண்டு இடைவெளிகள்

மீக்கடத்திக்கும் இரும்புக்கும் ஆகாது என்பதே இயற்பியலாளர்களின் நெடுநாள் நம்பிக்கை. எலக்ட்ரான்கள் இணை சேர்ந்தால்தான் மின்சாரம் தடையின்றி ஓடும். இரும்பின் காந்தத்தன்மை அந்த இணைகளைப் பிரித்துவிடும் என்று கருதினார்கள். 2008இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடியோ ஹோசோனோவின் குழு, லாந்தனம், இரும்பு, ஆர்சனிக், ஆக்சிஜன் அடங்கிய சேர்மத்தில் சிறிது ஃபுளோரினைக் கலந்தது. 26 கெல்வினில் அது மீக்கடத்தியானது. லாந்தனம் இருந்த இடத்தில் சமேரியத்தை வைத்த சீன ஆய்வாளர்கள் சில மாதங்களிலேயே 55 கெல்வினைத் தொட்டுவிட்டார்கள்.

இங்கே எலக்ட்ரான்களை இணைப்பது எது? அதற்குத் துப்பு கொடுப்பது ஆற்றல் இடைவெளி. ஓர் இணையைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை வெளியேற்றி அளக்கும் முறைக்குப் புகழ் அதிகம். ஆனால் அது பார்ப்பது படிகத்தின் மேற்பரப்பை மட்டுமே. பள்ளிப் பாடத்தில் வரும் தன்வெப்பமோ படிகம் முழுவதையும் பற்றிச் சொல்லும். அதனால் எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை கூடுதல்.

ஹீட்டரும் வெப்பமானியும் பொருத்திய சிறு மேடை ஒன்று மெல்லிய கம்பிகளில் தொங்கும். அதில் சில மில்லிகிராம் படிகத்தை வைத்து, துளி வெப்பம் கொடுத்து, வெப்பநிலை எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனிப்பார்கள். இடைவெளி எல்லாத் திசையிலும் முழுமையாக இருந்தால், குளிரக் குளிர எலக்ட்ரான்களின் தன்வெப்பம் மளமளவென்று சரிந்து ஏறக்குறைய இல்லாமலே போகும். சில திசைகளில் இடைவெளி பூஜ்யமானால் சரிவு மெதுவாகும். அத்தகைய இடங்கள் கோடாக அமைந்தால், தன்வெப்பம் வெப்பநிலையின் வர்க்கத்தை ஒட்டிக் குறையும்.

சிக்கல் எங்கே என்றால், இரும்புப் படிகங்கள் மீக்கடத்தியாகும் 38 கெல்வின் போன்ற வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வே வெப்பத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது. எலக்ட்ரான்களின் பங்கைப் பிரிப்பது, சுமை லாரியை எடைமேடையில் ஏற்றி கிளீனரின் எடையைக் கண்டுபிடிப்பது மாதிரி. அதற்கு, மீக்கடத்தாத அதே வகைப் படிகத்தைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். கழித்தலில் சிறு பிழை நேர்ந்தாலும் இல்லாத இடைவெளி தோன்றும், இருப்பது மறையும்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2010இல் பேரியம்-பொட்டாசியம்-இரும்பு-ஆர்சனிக் படிகத்தில் இந்தக் கணக்கைப் போட்டார்கள். கிடைத்தவை இரண்டு இடைவெளிகள்: ஒன்று ஏறக்குறைய 11 மில்லி எலக்ட்ரான் வோல்ட், மற்றது 3.5. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரின் 1957ஆம் ஆண்டுக் கோட்பாட்டின்படி 38 கெல்வினில் மீக்கடத்தியாகும் இந்தப் படிகத்துக்கு 6க்குச் சற்றுக் குறைவான ஒரே இடைவெளிதான் இருக்க வேண்டும். இரும்பிலோ எலக்ட்ரான்கள் பல பட்டைகளில் பரவியிருக்கின்றன. ஒரு பட்டையில் பிணைப்பு இறுக்கம், இன்னொன்றில் தளர்வு.

தன்வெப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இடைவெளியின் அளவு அதற்குத் தெரியும், குறி தெரியாது. ஒரு பட்டையில் நேர்க்குறி, இன்னொன்றில் எதிர்க்குறி என்று இகோர் மாஸின் முதலானோர் 2008இல் முன்வைத்த கருத்தைச் சோதிக்க வேறு வழி வேண்டும். அதே பேரியம்-பொட்டாசியம் சேர்மத்தில் நியூட்ரான் சிதறல் அந்த ஆண்டே ஏறக்குறைய 14 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் ஓர் உச்சத்தைக் காட்டியது. குறி மாறுகிறது என்பதற்கு இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படும் சான்றுகளில் அது ஒன்று.