14 பைட்டால் வந்த வம்பு

ஈதர்நெட்டில் வரும் சாதாரணப் பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 14 பைட் முகப்பு உண்டு. அதையடுத்து ஐபி முகப்பு. அனுப்பிய கணினியின் முகவரி 4 பைட் எண்ணாக அதற்குள்தான் இருக்கிறது. பொட்டலம் நினைவகத்தின் 1000ஆம் பைட்டில் வந்து உட்கார்ந்தால், இந்த எண் 1026 முதல் 1029 வரை விழும். 1026 நான்கால் வகுபடாது. வம்பு அங்கேதான்.

நினைவகத்தை நாம் பைட் பைட்டாக எண்ணுகிறோம். பல செயலிகளோ 4 பைட் எண்ணை நான்கால் வகுபடும் இடத்திலிருந்துதான் ஒரே மூச்சில் எடுக்கும். நம் எண்ணின் ஒரு பாதி 1024இல் தொடங்கும் 4 பைட் கட்டிலும் மறுபாதி 1028இல் தொடங்கும் கட்டிலும் கிடக்கிறது. இன்டெல் வகைச் செயலிகள் முணுமுணுக்காமல் படித்துக் கொடுத்துவிடும். ஸ்பார்க் செயலி மறுத்துப் பிழை எழுப்பும். மிப்ஸில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று தனிக் கட்டளைகளே வைத்தார்கள். பழைய ஆர்ம் செயலிகள் சிலவற்றில் பிழைச் சோதனை அணைந்திருந்தால், 1024இல் உள்ள கட்டையே எடுத்துச் சுழற்றித் தப்பான எண்ணைச் சத்தமில்லாமல் நீட்டும். என்னைக் கேட்டால் ஸ்பார்க்கின் பிடிவாதமே மேல். தப்பு நடந்தது உடனே தெரிந்துவிடும்.

(முன்னால் 2 பைட்டைக் காலியாக விட்டால் 14, 16 ஆகிவிடுமே என்று தோன்றலாம். லினக்ஸின் வலையட்டை டிரைவர்கள் பல அதைத்தான் செய்கின்றன. எல்லாத் தரவுக்கும் அது கைகொடுக்காது.)

ஆகவே லினக்ஸ் கெர்னலில் இத்தகைய எண்களைப் படிக்க 'கெட் அன்அலைன்ட்' என்ற வழி உண்டு. முன்பு பெயர் ஒன்று, உள்ளே செய்முறை பல. பைட்டுகளைத் தனித்தனியே எடுத்துக் கோப்பது ஒன்று, வன்பொருளை நம்பி நேராகப் படிப்பது இன்னொன்று. ஒவ்வொரு செயலிக் குடும்பமும் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டது.

நேராகப் படித்ததில் ஒரு பொறி ஒளிந்திருந்தது. ஆர்ம் 6ஆம் பதிப்பிலிருந்து வன்பொருளே ஒழுங்கற்ற முகவரியைத் தாங்கும் என்று நம்பி எழுதினார்கள். ஆனால் சி மொழியின் விதிப்படி, 4 பைட் எண் சரியான இடத்தில்தான் இருக்கும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு எண்களைப் படித்தால், சிக்கனம் என்று இரண்டையும் சேர்த்து ஒரே கட்டளையாக்கிவிடும். அந்த இரட்டைக் கட்டளைக்கு ஒழுங்கற்ற முகவரி ஆகாது. செயலி பிழை எழுப்பும். செயலி மேலும் குற்றமில்லை, கம்பைலர் மேலும் குற்றமில்லை. கம்பைலரிடம் நாம் பொய் சொல்லியிருந்தோம்.

கெர்னல் உருவாக்குநர் ஆர்ண்ட் பெர்க்மன் 2021இல் இதைச் சீராக்கினார். எண்ணை 'நெருக்கிக் கட்டிய' ஒரு ஸ்ட்ரக்சருக்குள் வைத்து, "இது எந்த முகவரியிலும் இருக்கலாம்" என்று கம்பைலரிடம் உண்மையைச் சொல்வதே வழி. இன்டெல்லுக்கு ஒரே கட்டளையையும், ஸ்பார்க்குக்கு நான்கு பைட்டையும் தனித்தனியே எடுத்துக் கோக்கும் வரிசையையும் கம்பைலரே எழுதிக்கொள்கிறது. அந்த ஆண்டு வந்த 5.14 பதிப்பில் பழைய செய்முறைகளில் பெரும்பாலானவை நீங்கின.

உங்கள் மடிக்கணினியில் ஓடுகிறதே என்று டிரைவரில் பாயின்டரின் வகையை மாற்றி நேராகப் படிக்காதீர்கள். 'கெட் அன்அலைன்ட்'டையே கூப்பிடுங்கள். 2024இல் வந்த 6.12 பதிப்பு முதல் அதற்கான தலைப்புக் கோப்பு, செயலிவாரியான 'ஏஎஸ்எம்' அடைவில் இல்லை. பொதுவான 'லினக்ஸ்' அடைவில் இருக்கிறது. பழைய பாதையை எழுதினால் கம்பைல் ஆகாது.