மூன்று மறைபுள்ளிகள்

சென்னை அண்ணா சாலையில் 1959-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை என் மாணவர் ஒருவர் ஒருமுறை வரைந்து வந்தார். கட்டடம் உச்சியில் ஊசிபோற் கூம்பியிருந்தது. "கை திருந்தவில்லை" என்று கடிந்துகொண்டேன். பிழை கையில் இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அண்ணாந்து நோக்குங்கால், இரு சுவர்களின் கிடைக்கோடுகள் இருபுறத்து மறைபுள்ளிகளை நோக்கியும், செங்குத்துக் கோடுகள் மேலேயுள்ள மூன்றாம் புள்ளியை நோக்கியும் குவிகின்றன. அவர் அம்மூன்றையும் 30 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணமாகத் தாளுக்குள்ளேயே அடக்கிவிட்டார். அத்தகைய படம், ஏறக்குறைய 12 செ.மீ. தொலைவில் கண்ணை வைத்தால்தான் மெய்போலத் தோன்றும். அவ்வளவு அருகில் வைத்து யார் பார்ப்பார்?

ஆகவே, புள்ளிகளைத் தாளுக்கு வெளியே தள்ளுங்கள். மேசையில் குண்டூசி குத்தி, நூல் கட்டி இழுத்துக் கோடுகளின் போக்கை அறியலாம். பக்கம் 90 செ.மீ. ஆயின், பார்வைத் தொலைவு சுமார் 37 செ.மீ. ஆகும், நாம் புத்தகம் படிக்கும் தொலைவு அது. முக்கோணத்தின் மூன்று குத்துயரங்களும் சந்திக்கும் இடமே பார்வை மையம். படம் அம்மையத்திலிருந்து 21 செ.மீ.க்குள் அடங்கட்டும்; அதற்கு அப்பால் உருவம் நீண்டு கோணும்.

அம்மாணவரை அழைத்து இதனை விளக்கி, என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தை ஆராயாது கையைப் பழித்தல் ஆசிரியனுக்கு அழகன்று.