தலைவலிக்குக் காலை ஏன் பார்க்கிறார்கள்?

லால்பேட்டையிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பலருக்கு எழும் சந்தேகம் இது. வலி ஓரிடத்தில் இருக்கும், காரணம் வேறிடத்தில் இருக்கலாம். அதனால்தான் செவிலியர் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கிறார்.

கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது ஏன்? நம் மாநிறத் தோலில் ரத்தசோகையின் வெளுப்பு எளிதில் தெரியாது. இமையின் உட்புறச் சவ்வு மெல்லியது. அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம் அப்படியே தெரியும்.

அடுத்து வாய். வீராணம் ஏரிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால் உள்ள ஊர்ப்பக்கம் இதை அவசரமாகப் பார்த்துவிடக் கூடாது. வாய் நோய்களில் குற்றவாளி வெற்றிலை அல்ல, பாக்கும் புகையிலையும்தான். பாக்கு, கன்னத்தின் உட்புறத் திசுவை நார்போல இறுக்கும். அவரவர் விரல் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் எச்சரிக்கை. வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மார்பில் பார்த்து, தொட்டு, தட்டி, கடைசியில் ஸ்டெதாஸ்கோப் வைப்பார்கள். வயிற்றில் மட்டும் வரிசை மாறும்: பார்த்ததும் கேட்பது, பிறகே தட்டுவதும் அழுத்துவதும். அழுத்தினால் குடலின் அசைவு மாறி, கேட்கும் ஒலியும் மாறலாம். மார்பைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரிய மருத்துவர் அவென்புருக்கர். காற்றுள்ள நுரையீரல் முரசுபோல் ஒலிக்கும், நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தும்போது குழி விழுந்தால், இதயத்தையோ சிறுநீரகத்தையோ சந்தேகிக்கலாம். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. செவிலியர் கேட்டால் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டுங்கள்.