தேதி மறைந்த புண்ணிய இரவு

ரமலான் மாதத்தின் கடைசிப் பகுதியில், முஸ்லிம் அன்பர்கள் இரவு முழுவதும் கண்விழித்துத் தொழுவதை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். லைலத்துல் கத்ர் என்னும் புண்ணிய இரவை நாடியே அவர்கள் அவ்வாறு விழித்திருக்கிறார்கள். ‘கத்ர்’ என்ற அரபுச் சொல்லுக்கு மாட்சிமை என்றும், அளந்து நிர்ணயித்தல் என்றும் பொருள் உண்டு. கி.பி. 610-ஆம் ஆண்டில், மக்கா நகரை அடுத்த ஹிரா மலைக்குகையில் தனித்திருந்த முஹம்மது நபியவர்களுக்குத் திருக்குர்ஆன் அருளப்படத் தொடங்கியது இவ்விரவில்தான் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. முதன்முதலாக வந்த கட்டளை, ஓதும்படி இட்ட கட்டளையே. உபாத்தியாயர் தொழில் செய்கிறவனுக்கு இதைக் கேட்கத் தனி மகிழ்ச்சி உண்டாவது இயல்புதானே!

இவ்விரவின் பெருமையைக் கூறவே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது 97-ஆவது, ஐந்தே வசனங்கள் கொண்டது. ஆயிரம் மாதங்களைக் காட்டிலும் இவ்வோர் இரவு மேலானது என்று அது சொல்லுகிறது. ஆயிரம் மாதங்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டால் 83 வருஷமும் 4 மாதமும் வரும். ஒரு மனிதனின் முழு ஆயுளே அவ்வளவு இருப்பது அருமை.

அத்தனை மகிமை பொருந்திய இரவு எது என்று கேட்டாலோ, திட்டமாகத் தேதி சொல்லுவார் இல்லை. அதற்குக் காரணமாக ஒரு வரலாறு கூறப்படுகிறது. மதீனாவில் ஒரு நாள், அந்த இரவு இன்னதென்று அறிவிப்பதற்காகவே நபியவர்கள் வெளியே வந்தார்கள். வந்த இடத்தில் இருவர் சச்சரவிட்டுக்கொண்டிருந்தனர். அச்சச்சரவின் காரணமாக அந்தச் செய்தி உயர்த்தப்பட்டுவிட்டது என்றும், ஒருவேளை அதுவே உங்களுக்கு நன்மையாக இருக்கலாம் என்றும் நபியவர்கள் கூறினார்கள். 25, 27, 29 ஆகிய இரவுகளில் அதைத் தேடும்படியும் சொன்னார்கள். இமாம் புகாரியின் தொகுப்பில் உள்ள செய்தி இது. சண்டையிட்ட இருவரின் பெயரை அது வெளியிடவில்லை. எதைப் பற்றிச் சண்டை என்பதையும் சொல்லவில்லை. ஒரு சமூகம் முழுவதற்கும் உரிய செல்வம் இருவர் பூசலால் கைநழுவிற்று என்பதே அதில் நாம் காணும் விஷயம்.

வேறொரு செய்தியும் உண்டு. நீரிலும் சேற்றிலும் தாம் ஸுஜூது செய்வதாக, அதாவது நெற்றி நிலத்தில் பட வணங்குவதாக, நபியவர்கள் கனவு கண்டார்கள். 21-ஆம் இரவு மழை பெய்தது. பேரீச்ச ஓலை வேய்ந்த பள்ளிவாசலின் கூரை ஒழுகிற்று. விடியற்காலைத் தொழுகை முடிந்தபோது அவர்களுடைய நெற்றியில் சேறு படிந்திருந்ததை அருகிலிருந்தோர் கண்டனர். உபை இப்னு கஅப் என்ற தோழரோ, 27-ஆம் இரவே என்று ஆணையிட்டுச் சொன்னார். இவ்வாறு அபிப்பிராயங்கள் பல.

ஆகவே, கடைசிப் பத்து நாட்களும் பள்ளிவாசலிலேயே தங்கி வழிபடும் இஃதிகாப் என்னும் விரதத்தைப் பலர் அனுஷ்டிக்கிறார்கள். அந்த இரவு வாய்த்தால் என்ன வேண்டுவது என்று ஆயிஷா நாயகி கேட்டதற்கு, செல்வத்தையோ ஆயுளையோ கேட்கச் சொல்லாமல், இறைவனிடம் மன்னிப்பையே கேட்கும்படி நபியவர்கள் கற்பித்தார்கள்.

தமிழ்நாட்டில் 27-ஆம் இரவுக்கே சிறப்பு மிகுதி. (இஸ்லாமியக் கணக்கில் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவதால், 26-ஆம் நோன்பு திறந்த பின் வருவதே 27-ஆம் இரவு.) பள்ளிவாசல்களில் விளக்கு அலங்காரம் செய்வார்கள். தராவீஹ் தொழுகையில் மாத முதலாக ஓதி வந்த குர்ஆனைப் பல ஊர்களில் அன்று பூர்த்தி செய்து, இனிப்பு வழங்குவார்கள். உள்ளே இடமின்றி வாசல் வரையில் ஜனங்கள் நிற்பதுண்டு. இரண்டு நாள் கழித்து வரும் 29-ஆம் இரவில் அத்தனை விளக்கும் இராது, அத்தனை கூட்டமும் இராது. அதுவும் தேடச் சொன்ன இரவுதான் என்பதை அறிந்த சிலர் மட்டும், அன்றும் ஸஹர் நேரம் வரையில் விழித்திருந்து தொழுகிறார்கள்.