ஆற்றில் இட்ட பொன்

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று அசட்டுக் காரியம் செய்கிறவனைப் பார்த்து நம் ஜனங்கள் பரிகாசமாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த வழக்குக்கு மூலமாகச் சொல்லப்படும் சம்பவம் அசட்டுத்தனமானதல்ல என்பதும், அது நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் ஸ்தலம் திருமுதுகுன்றம் என்கிற விருத்தாசலமே என்பதும் இந்தப் பக்கத்துக்காரர்கள் பெருமையோடு அறிந்து வைத்திருக்கும் விஷயம். இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், அதை இங்கே மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுப் போய், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது கதை. ஓரிடத்தில் இட்ட பொருள், இடைப்பட்ட வழி யார் கண்ணுக்கும் புலப்படாமல், வேறோரிடத்தில் மேலே வருகிற அந்த அதிசயம் அன்று ஒரு பக்தருக்கு ஒருமுறை வாய்த்தது. இன்று கைபேசி வைத்திருக்கும் எவருக்கும் நாளொன்றுக்கு நூறுமுறை வாய்க்கிறது.

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையிலுள்ள கருவேப்பிலங்குறிச்சியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாலை நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்த அதிசயத்தை அருகிலிருந்தே பார்க்கலாம். ஒருவர் கைபேசியை நீட்டுகிறார். திரையில் வடிவேலுவின் முகம், அதன் மேல் ஓர் அமைச்சரைப் பற்றி இரண்டு வரி. பெஞ்சு முழுவதும் சிரிக்கிறது. சிரிப்பு அடங்குமுன்பே இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சும்மா யாராச்சும் இதெல்லாம் போடுவாங்களாண்ணே? இதுக்குப் பின்னால பெரிய கை இருக்கு" என்கிறார். ஹாஸ்யமாக வந்த ஒன்று சந்தேகமாக மாறுவதற்கு ஒரு கிளாஸ் டீ ஆறும் நேரம் போதுமாயிருக்கிறது. இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'மீம்' என்ற சொல்லை 1976ஆம் ஆண்டில் ஆக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய உயிரியல் அறிஞர். உயிரினங்களின் குணங்கள் மரபணு வழியே தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுவதைப்போல, ஒரு மெட்டோ, ஒரு வழக்கமோ, ஒரு சொல்லோ மனத்திலிருந்து மனத்துக்குப் படியெடுக்கப்பட்டுப் பரவுகிறது என்பது அவர் அபிப்பிராயம். இணையம் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் சொன்னது இது. நம்மூர் வாசகருக்கு அதை இன்னும் சுலபமாக விளக்கலாம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றி, இறுகியதும் எடுத்து, வர்ணம் பூசிச் சூளையில் இடுவார்கள். அச்சு ஒன்று, பொம்மை ஆயிரம், வர்ணம் மட்டும் பூசுகிறவர் இஷ்டம். மீம் போடுகிறவர்கள் 'டெம்ப்ளேட்' என்று சொல்வது இந்த அச்சைத்தான். கவுண்டமணி உதைக்கும் காட்சியும் வடிவேலு விழிக்கும் காட்சியும் அச்சுகள். அன்றைய அரசியல், மேலே பூசுகிற வர்ணம். தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு அந்தக் காட்சிகள் மனப்பாடமாதலால், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் ஒரே கணத்தில் பொருள் விளங்கிவிடுகிறது.

அரசியல்வாதியைச் சித்திரத்தால் பரிகசிப்பது நமக்குப் புதிதன்று. 1906இல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையிலேயே சுப்பிரமணிய பாரதியார் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு அன்னிய ஆட்சியைக் குத்திக்காட்டினார். 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்ததும், நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் சில நாட்களிலேயே அவர் விடுதலையானதும், பின்னர் அவர் வழக்காடி உயர் நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு பெற்றதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தண்டனை நியாயமா, அநியாயமா என்பது ஒருபுறமிருக்க, இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்த ஜோக்குக்கு ஒரு விலாசம் இருந்தது. இதைச் சொன்னவன் நான்தான் என்று ஏற்றுக்கொள்ள ஓர் ஆசிரியர் இருந்தார். ஆகையால் 'இதற்குப் பின்னால் யார்?' என்று ஒருவரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. மீமுக்கு விலாசமில்லை. விலாசமில்லாத கடிதம் வீட்டுக்கு வந்தால் எழுதியது யாரென்று ஊகிக்கத் தோன்றுவது மனித சுபாவம். சதிக்கதையின் விதை அந்த ஊகத்தில்தான் கிடக்கிறது.

இதற்கு விருத்தாசலமே ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. 2005 செப்டம்பரில் தேசிய முற்போக்கு திராவிடக் கழகத்தைத் தொடங்கிய நடிகர் விஜயகாந்த், மறு ஆண்டுத் தேர்தலில் மாநிலமெங்கும் வேட்பாளர்களை நிறுத்தியபோது, அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே தொகுதி விருத்தாசலம், வென்றவர் அவரே. 2011இல் அவர் ரிஷிவந்தியத்தில் நின்று வென்று, 29 உறுப்பினர்களோடு எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். அந்தத் தேர்தலில் தி.மு.க. மேடைகளில் ஊர் ஊராகச் சென்று அவரைக் கேலி செய்தவர் வடிவேலு. தேர்தலுக்குப்பின் வடிவேலுவுக்குப் பட வாய்ப்புகள் அருகின. ஆனால் அவருடைய பழைய முகபாவங்கள் மீம்களின் அச்சாகிக் கைபேசிதோறும் குடியேறின. மேடையில் பலிக்காத பரிகாசம் திரையில் பலிக்கத் தொடங்கியது. விஜயகாந்தின் தடுமாறும் பேச்சு, கோபம், 2015 டிசம்பரில் நிருபர்களை நோக்கி 'தூ' என்று அவர் சீறிய சில வினாடிகள் ஆகியவை வெட்டியெடுக்கப்பட்டு, முன்னும் பின்னும் இல்லாமல் லட்சக்கணக்கில் சுற்றின. 2016இல் உளுந்தூர்ப்பேட்டையில் அவர் தோற்றார். நாக்குக் குழறலுக்கு மீம்கள் சொன்ன காரணம் மது. வெளிநாட்டுச் சிகிச்சை, நீரிழிவினால் 2022இல் கால்விரல்கள் அகற்றப்பட்டது என்று நோயின் வரலாறு வெளிவந்துகொண்டேயிருந்தும், அதற்கு இரண்டு வரியில் சிரிப்பு மூட்டும் சக்தி இல்லாதபடியால் அது யார் கைபேசிக்கும் போய்ச் சேரவில்லை.

2023 டிசம்பர் 28இல் அவர் காலமானபோது சென்னையில் திரண்ட ஜனசமுத்திரத்தைக் கண்டு, கேலி செய்தவர்களே மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அதோடு வேறொன்றும் கிளம்பிற்று. 'மீம் போட்டே ஒரு மனிதரை ஒழித்தார்கள். இது திட்டமிட்ட சதி' என்ற பேச்சு அது. சதி செய்தவராகச் சொல்லப்பட்டவர், சொல்கிறவரின் கட்சிக்கேற்ப மாறினார். கட்சிகள் பணம் செலவிட்டு இணையப் பிரிவுகளை நடத்துவது உண்மை; அவற்றுக்கு இதில் பங்கே இல்லை என்று சாதிக்க வரவில்லை. ஆனால் அந்தக் கேலிகளை அனுப்பியவர்களில் நானும் நீங்களும் உண்டு என்பதை நினைக்கையில், சதி என்ற சொல் நம் மனச்சாட்சிக்கு எவ்வளவு சௌகரியமான போர்வை என்பது புரியும். பெரிய கை ஒன்று இருந்துவிட்டால் நம் கை சின்னதாகிவிடுகிறதல்லவா?

காரணமே இல்லாத கேலிக்கும் காரணம் கற்பிக்கப்படும் என்பதற்கு நேசமணி சாட்சி. கட்டடத் தொழில் பற்றிய ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, 'உங்கள் நாட்டில் இதன் பெயரென்ன?' என்று யாரோ கேட்டிருக்க, ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், இது தலையில் விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணிக்குக் காயமேற்பட்டது என்று, 2001இல் வெளிவந்த 'பிரெண்ட்ஸ்' படத்து வடிவேலுவை நினைத்து விளையாட்டாக எழுதினார். 2019 மே 29 அன்று நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் கோஷம் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. மறுநாள் பிரதமர் நரேந்திர மோடியின் இரண்டாம் பதவியேற்பு. உடனே, இது பதவியேற்புச் செய்தியை அமுக்கச் செய்த சூழ்ச்சி என்று சந்தேகித்தவர்களும், அதையே மாநிலத்தின் வீரச்செயலாக மெச்சியவர்களும் தோன்றிவிட்டார்கள். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. நடுவிலே ஒரு கயிறு கட்டிவிட்டால் சதிக்கதை தயார்.

நேசமணி கதையில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆட்சிபீடத்தின் மௌனமும் கேலியும் ஒன்றுசேரும்போது விளைவது வேறு. 2016 செப்டம்பர் 22 இரவு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதலமைச்சர் ஜெயலலிதா, டிசம்பர் 5இல் காலமாகும் வரையிலான 75 நாட்களில் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட வெளியிடப்படவில்லை. அவர் இட்லி சாப்பிட்டார் என்று தலைவர்கள் சொன்னார்கள். இட்லி மீம் ஆயிற்று. மறு ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், இட்லி சாப்பிட்டதாகச் சொன்னது பொய், மன்னியுங்கள் என்று பொதுமேடையில் சொன்னதும், அதுவரை வேடிக்கையாயிருந்த இட்லி ஒரே நாளில் சாட்சியமாக உயர்ந்தது. ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முதல் நாள், 2017 டிசம்பர் 20இல், ஜெயலலிதா படுக்கையில் பழரசம் அருந்தும் வீடியோ வெளியாயிற்று. ஐயம் தீரவேண்டிய இடத்தில், 'இப்போது ஏன் வெளியிடுகிறார்கள்?' என்ற புது ஐயம் முளைத்தது. 2018 டிசம்பரில் வெளியான மருத்துவமனைக் கணக்கில் மொத்தம் 6.85 கோடி ரூபாயில் உணவுச் சேவைக்கு மட்டும் 1.17 கோடி என்றிருந்தது. நாளொன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும் தொகை, படுக்கையிலிருக்கும் ஒருவர் உண்டதன் கணக்காக இருக்க முடியாதென்பது சாதாரண வகுத்தல். ஆனால் கோடி ரூபாய் இட்லி என்ற கேலிக்கு முன்னால் வகுத்தல் எங்கே நிற்கும்?

முடிவாவது தெளிவாயிற்றா? ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. சிலரை விசாரிக்கவேண்டுமென்று அது பரிந்துரைத்தது. அதே காலத்தில் எய்ம்ஸ் மருத்துவர் குழு, சிகிச்சை முறையாகவே அளிக்கப்பட்டது என்று அபிப்பிராயம் கூறியது. விரும்பியவர் விரும்பிய தாளைக் கையிலெடுத்துக்கொண்டார். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். பச்சை மண்ணாக இருக்கையில் தண்ணீர் தெளித்தால் கரைந்திருக்கக்கூடிய சந்தேகம், ஆறு வருஷ மௌனத்திலும் தாமதத்திலும் வெந்து இறுகியபின், எந்த அறிக்கையோடும் ஒட்டாமல் போயிற்று.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2016 தேர்தலின்போது, கட்சிக்காரர் ஒருவரின் களவாடப்பட்ட மின்னஞ்சல்களில் கண்ட 'பீட்சா' என்ற சாதாரணச் சொல் குழந்தைக் கடத்தலின் ரகசியக் குறி என்று கதை கட்டப்பட்டு, படமும் வசனமுமாகப் பரவிற்று. டிசம்பர் 4 அன்று ஒருவர் துப்பாக்கியோடு வாஷிங்டன் நகரத்து உணவு விடுதி ஒன்றில் புகுந்து சுட்டார். சிறை வைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட குழந்தைகளை அவர் நிலவறையில் தேட வந்திருந்தார். அந்த விடுதிக்கு நிலவறையே கிடையாது. நல்லவேளையாக உயிர்ச்சேதமில்லை. நம் நாட்டில் அந்த நல்லவேளையும் வாய்க்கவில்லை. 2018 மே மாதம், வடநாட்டுப் பிள்ளைபிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் படங்கள் சுற்றியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வத்தைக் கும்பிடப் போய், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவர் ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே சமயத்தில் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது.

2023 மார்ச்சில் பாத்திரங்கள் இடம் மாறின. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. பீகார்ச் சட்டமன்றம் அமளிப்பட்டது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்தது. ஹோலிக்கு ஊர் போகிறவர்களின் கூட்டம் பயந்து ஓடுகிறவர்களின் கூட்டமாகக் காட்டப்பட்டது. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கியபடி, அவற்றுள் ஒன்று திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களே தமக்குள் மோதிக்கொண்டது; மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களின் சண்டை. சம்பவம் பொய்யல்ல, அது இறங்கிய ஆறும் ஏறிய குளமும் வேறு.

இனிச் சுந்தரர் கதைக்குத் திரும்புவோம். பழமொழி விட்டுவிட்ட பகுதி ஒன்று அதில் இருக்கிறது. பொன்னை ஆற்றில் இடுமுன் அவர் அதிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். திருவாரூரில் பொன் மேலே வந்ததும், தெய்வம் தந்தது என்று கண்ணை மூடி முடிந்துகொள்ளாமல், மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார்; மாற்றுக் குறைந்திருந்தது. ஒத்து வருமட்டும் அவர் விடவில்லை. அப்போது உடனிருந்து உரைத்துப் பார்த்தவர் என்று கமலாலயக் கரையிலே ஒரு பிள்ளையாருக்கு மாற்றுரைத்த பிள்ளையார் என்றே பெயர் வழங்குகிறது.

தோழராகிய கடவுள் கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்ப்பது பக்திக்குக் குறைவில்லை என்று நினைத்த நாட்டில், முகமறியாத ஒருவர் அனுப்பியதை உரைத்துப் பார்ப்பது சிநேகத்துக்குக் குறைவு என்று நாம் கூசுகிறோம். இன்றைய மச்சம் மிகச் சிறியது. இந்தப் படம் முதன்முதலில் எப்போது, எந்த ஊரில் எடுக்கப்பட்டது? வெட்டப்படுமுன் அந்தப் பேச்சு எப்படியிருந்தது? கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், சிரிப்பதில் பாவமொன்றுமில்லை. டீக்கடையில் இனி யாராவது 'பெரிய கை' என்று குரலைத் தாழ்த்தும்போது, "மச்சம் இருக்காண்ணே?" என்று நான் கேட்பதாக இருக்கிறேன். இல்லையென்றால், கடைசியாக அனுப்பிய கை எதுவோ அதைத்தான் பார்க்கவேண்டும். அது அநேகமாக நம் கையாகவே இருக்கும்.