மணம் காட்டும் வீடு

மாணவர்களே, கொல்கத்தாவிலிருந்து தீகா கடற்கரைக்குச் சென்றவர்கள், ஈரமணலில் சிறு சங்கு ஒன்று தானே நகர்ந்து செல்வதைக் கண்டிருக்கக்கூடும். கையில் எடுத்தால் அதன் கால்கள் உள்ளே மறைந்துவிடும். அவ்வோட்டைக் கட்டியது நத்தை. அதில் குடியிருப்பதோ நண்டு. தமிழில் இதனைத் துறவி நண்டு என்பர். உங்கள் வங்காளித் தோழர்கள் சன்யாசி காங்க்ரா என்பர். பெயர் அழகியதே. ஆயினும், வீட்டின்மீது இத்துணைப் பற்றுக்கொண்ட உயிரைத் துறவி என்பது வேடிக்கைதான்!

கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய ஆல்ஃபிரெட் ஆல்காக், இந்தியத் துறவி நண்டுகளை வகைப்படுத்தி 1905ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மற்ற நண்டுகளைப் போலன்றி இவற்றின் வயிற்றுப்பகுதி மென்மையானது. சங்கின் சுழிக்கு ஏற்ப வளைந்தது. ஓடு இல்லையேல் பறவைக்கும் மீனுக்கும் இரையாக நேரும். நண்டு வளரும், ஓடு வளராது. எனவே வாழ்நாள் முழுவதும் பெரிய ஓட்டைத் தேடிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

பரந்த கடலில் காலி ஓட்டை எவ்வாறு கண்டறிவது? இங்கேதான் மோப்பம் துணைசெய்கிறது. ஒரு நத்தையை வேறோர் உயிர் கொன்று தின்னும்போது, அதன் சதையிலுள்ள புரதம் சிறு கூறுகளாகச் சிதைந்து நீரில் கரைகிறது. துறவி நண்டு தன் சிறிய உணர்கொம்புகளை அடிக்கடி உதறி அக்கூறுகளை உணர்கிறது. நத்தை இறந்த இடத்தில் ஓடு காலியாகும் அன்றோ! ஆகவே அத்திசை நோக்கி விரைகிறது.

நிலத்தில் வாழும் துறவி நண்டுகளின் நிலை இன்னும் கடினமானது. கரையில் நல்ல ஓடுகள் அரியவை. கிடைப்பவற்றிலும் பெரும்பாலானவற்றில் முன்னரே நண்டுகள் குடியிருக்கும். கோஸ்ட்டாரிக்கா நாட்டுக் கடற்கரையில் ஆய்வாளர் இருவர் இவ்வின நண்டின் சதைத்துண்டுகளைச் சிறு குழாய்களில் இட்டு வைத்தனர். சற்று நேரத்தில் நண்டுகள் கூட்டமாக வந்து சூழ்ந்தன. நத்தைச் சதைக்கும் வந்தன. ஆனால் தம்மினத்தின் சதைக்கே மிகுதியாக வந்தன. ஒரு நண்டின் இறப்பு மற்றொரு நண்டுக்கு வீடு. பெரிய நண்டு ஒன்று புதிய ஓட்டிற்குள் புகுந்தால், அது விட்ட ஓட்டில் அடுத்தது புகும்; அது விட்டதில் அதனினும் சிறியது புகும். ஓர் ஓட்டால் பலருக்கும் வீடு மாறுகிறது.

நூறாயிரம் தலைமுறைகளுக்கு உதவிய இவ்வறிவு இன்று சில தீவுகளில் உயிருக்கு உலைவைக்கிறது. கரையொதுங்கும் நெகிழிப் புட்டிக்குள் ஒரு நண்டு நுழைகிறது. வழவழப்பான சுவரில் ஏற இயலாமல் அங்கேயே இறக்கிறது. அதன் மணம் காற்றில் பரவுகிறது. மணம் பொய்யுரைக்கவில்லை: அங்கே ஒரு நண்டு இறந்தது மெய், ஓடு காலியானதும் மெய். வெளியேறும் வழிதான் இல்லை. வீடு தேடி வந்த அடுத்த நண்டும் உள்ளே இறக்கிறது. அதன் மணம் மேலும் பல நண்டுகளை அழைக்கிறது.

இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும், பசிபிக் பெருங்கடலின் ஹென்டர்சன் தீவிலும் இவ்வாறு சுமார் 5,70,000 நண்டுகள் இறந்திருக்கக்கூடும் என 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணித்தது. ஒரே ஒரு கலத்தினுள் மட்டும் 526 நண்டுகள் கிடந்தன.